குழந்தைக்கு ஆஸ்டியோபதி: போகும் முன், அங்கே, வீடு திரும்பிய பின்

கைக்குழந்தை எப்போதும் ஒரே பக்கம் தலையைத் திருப்பிப் படுக்கிறது. அல்லது ஒரு மார்பில் குடிக்கிறது, மறு மார்பில் முரண்டு பிடிக்கிறது. அல்லது பொழுது சாய்ந்தால் மணிக்கணக்கில் அழுகிறது. பெற்றோர் ஆஸ்டியோபதி என்ற கைச்சிகிச்சையைப் பற்றி முதன்முதலில் கேள்விப்படுவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றை யாரிடமாவது சொல்லும்போதுதான். பெரிய பிள்ளைகள் என்றால் முதுகுவலி, முழங்கால் வலி, கூன்போட்டு உட்காருவது என்று காரணங்கள் மாறும்.

இந்தச் சிகிச்சையில் கை தொடுவது அரை மணி நேரம்தான். மீதி நாள் முழுதும் குழந்தை வீட்டில் இருக்கிறது. எந்தப் பக்கம் படுக்கிறது, எந்தக் கையில் தூக்கப்படுகிறது, எவ்வளவு நேரம் சாய்வு இருக்கையில் கிடக்கிறது என்பதெல்லாம் அந்த அரை மணி நேரத்தைவிடக் கனமானவை. நல்ல ஆஸ்டியோபத் இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவார்.

பெயர் ஒன்று, தகுதி பல

ஆஸ்டியோபதியை 1874-இல் அறிவித்தவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க மருத்துவர். எலும்பு, தசை, மூட்டு இவற்றைக் கையால் ஆராய்ந்து, கையாலேயே இளக்குவது அதன் அடிப்படை. இன்று அமெரிக்காவில் ஆஸ்டியோபதி பட்டம் பெற்றவர் முழு மருத்துவர். மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சையும் செய்யலாம். பிரிட்டனில் அவர் மருத்துவர் அல்லர். ஆனால் 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவேட்டில் பெயர் உள்ளவர் மட்டுமே அந்தப் பட்டப்பெயரைப் போட்டுக்கொள்ளலாம். பிரான்சில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் தலை, முகம், முதுகெலும்பு ஆகியவற்றுக்குச் சிகிச்சை செய்ய, தடையேதும் இல்லை என்று மருத்துவர் சான்று தந்திருக்க வேண்டும். கட்டுப்பாடே இல்லாத நாடுகளும் உண்டு. அங்கே சில வார இறுதிப் பயிற்சிகளை முடித்தவரும் இதே பெயரில் பலகை மாட்டலாம். ஆகவே பலகையில் உள்ள பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கைக்குழந்தைகளுக்கு அதிகம் செய்யப்படுவது 'கிரேனியல்' எனப்படும் தலைவழிச் சிகிச்சை. வில்லியம் சதர்லாந்து என்பவர் உருவாக்கியது. மண்டையோட்டு எலும்புகள் நுட்பமான ஒரு தாளத்தில் அசைகின்றன, தேர்ந்த கையால் அதை உணரலாம் என்பது அதன் கொள்கை. ஒரே தலையை இரண்டு பேர் தொட்டு எண்ணினால் கணக்கு ஒத்துவருவதில்லை என்பதே சோதித்துப் பார்த்ததில் தெரிந்தது. மென்மையான தொடுதலில் குழந்தை அமைதியாவது உண்மை. அதற்குச் சொல்லப்படும் விளக்கத்தையும் அப்படியே நம்பவேண்டும் என்பதில்லை.

முதல் படி: குழந்தைநல மருத்துவர் பார்த்தாயிற்றா?

வரிசையை மாற்றக் கூடாது. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் ஆஸ்டியோபத்திடம் நேரம் வாங்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் போங்கள்.

கைக்குழந்தையில்:
- மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல்
- பச்சை நிற வாந்தி. அல்லது பிறந்த சில வாரங்களில் தொடங்கி, ஒவ்வொரு முறை பால் குடித்ததும் பீய்ச்சியடிக்கும் வாந்தி
- மலத்தில் இரத்தம்
- உச்சிக்குழி புடைத்து இறுகியிருப்பது, வழக்கமில்லாத கீச்சுக்குரல் அழுகை, எழுப்பினாலும் எழாத சோர்வு
- எடை ஏறாதது, சிறுநீர் நனைப்பு குறைந்துபோவது
- ஒரு கையோ காலோ அசையாமல் கிடப்பது

பெரிய பிள்ளைகளில்:
- தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி; காய்ச்சலோடு நொண்டுவது; காலையில் மூட்டு விறைப்பு
- காலையில் தலைவலியும் வாந்தியும், கூடவே தலை ஒரு பக்கம் சாய்வது
- முதுகுவலியோடு கால் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்பாடு தவறுவது
- தொண்டைத் தொற்றோ தொண்டை அறுவை சிகிச்சையோ ஆன சில நாட்களில் கழுத்து திடீரென ஒரு பக்கம் பூட்டிக்கொள்வது

கடைசியில் சொன்னது பலருக்குத் தெரியாது. வீக்கத்தால் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிடிப்பு தளர்ந்திருக்கக்கூடும். வெறும் சுளுக்கு என்று யாராவது கழுத்தைத் திருப்பிவிட்டால் தண்டுவடத்துக்கே ஆபத்து. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கும் அதே இடத்தில் தளர்வு இருக்கலாம். அவர்கள் கழுத்தில் எந்த வேகமான அசைவும் கூடாது.

இரண்டாம் படி: ஆளைத் தெரிந்தெடுப்பது

தொலைபேசியிலேயே கேட்டுவிடக்கூடிய கேள்விகள் இவை. எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள், எண் என்ன? குழந்தைகளுக்கென்று தனிப் பயிற்சி எங்கே, எவ்வளவு காலம்? வாரத்துக்கு எத்தனை கைக்குழந்தைகளைப் பார்க்கிறீர்கள்? எந்த நிலையில் மருத்துவரிடம் திருப்பி அனுப்புவீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு உடனே நாலைந்து உதாரணம் சொல்பவர் தொழில் தெரிந்தவர். 'எல்லாவற்றையும் இங்கேயே சரிசெய்யலாம்' என்பவரிடம் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

இன்னும் சில எச்சரிக்கை மணிகள்: பத்து இருபது அமர்வுகளுக்கு முன்பணம் கேட்பது; குழந்தையின் எல்லாத் தொல்லைக்கும் 'பிறப்பின்போது ஏற்பட்ட அதிர்ச்சி' என்று ஒரே காரணம் சொல்வது; தடுப்பூசியைத் தள்ளிப்போடச் சொல்வது; ஆஸ்துமா, காதுத் தொற்று, வலிப்பு ஆகியவற்றுக்கு மருந்தை நிறுத்தச் சொல்வது; பெற்றோரை வெளியே உட்காரச் சொல்வது.

நெட்டி முறிக்கிற வேகமான அசைவு கைக்குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். குழந்தையின் முதுகெலும்பில் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்பு, தசைநார்கள் தளர்வு, உடலோடு ஒப்பிட்டால் தலை மிகக் கனம். ஆக, பெரியவருக்குச் செய்வதைச் சிறிதாக்கிச் செய்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. கண் இமையை மூடி மேலே விரல் வைத்தால் எவ்வளவு அழுத்தம் தாங்கிக்கொள்வீர்களோ, அவ்வளவுதான் குழந்தைக்கும். 'நெட்டி முறிப்பீர்களா?' என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

மூன்றாம் படி: போகிற நாள்

கொண்டு போக வேண்டியவை: எடை, உயரம், தலைச்சுற்றளவு குறித்த அட்டை, பிரசவ விவரம் (எத்தனை வாரம், ஆயுதமா அறுவையா, தலை மேலே இருந்ததா கீழேயா), மருந்துப் பட்டியல், வீட்டில் எடுத்த ஒரு நிமிடக் காணொளி. காணொளி முக்கியம். வீட்டில் மணிக்கணக்கில் அழும் குழந்தை அங்கே போனதும் சிரித்துக்கொண்டு கிடக்கும்.

கைக்குழந்தைக்கு நேரம் குறிக்கும்போது பசிக்கும் வேளையையும் பால் குடித்த உடனேயான வேளையையும் தவிருங்கள். வயிறு நிரம்பியிருந்தால் குப்புறப் போட்டுப் பார்க்கையில் கக்கிவிடும். பசித்தால் யாரையும் தொட விடாது. பால் குடித்து அரை மணி முதல் முக்கால் மணி ஆன நேரம் தோது. ஒரு மாற்றுடையும் போர்வையும் இருக்கட்டும்.

முதல் அமர்வில் பாதி நேரம் பேச்சிலேயே போக வேண்டும். அடுத்து ஆடையைக் களைந்து முழு உடலையும் பார்ப்பார்: தலை வடிவம், உச்சிக்குழி, கழுத்து இரு பக்கமும் எவ்வளவு திரும்புகிறது, இடுப்பு மூட்டு, கைகால் அசைவு, உறிஞ்சும் விதம். இதைச் செய்யாமல் நேரே தலையில் கைவைப்பவர் படியைத் தாண்டுகிறார். ஒவ்வொன்றையும் செய்யுமுன் உங்களிடம் சொல்லி, சம்மதம் கேட்க வேண்டும். குழந்தை விடாமல் அழுதால் நிறுத்த வேண்டும். 'அழுகை வெளியேறுவது நல்லது' என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள்.

அன்று கூடுதல் தூக்கமோ லேசான சிணுங்கலோ வரலாம். ஒரு நாளில் அடங்கிவிடும். பால் குடிக்க மறுப்பது, எழுப்ப முடியாத தூக்கம், கைகால் தளர்வது, வாந்தி என்று எதைக் கண்டாலும் நேரே மருத்துவமனை.

தட்டைத் தலையும் சாய்ந்த கழுத்தும்

கைக்குழந்தையோடு வருபவர்களில் பலர் இதற்காகத்தான் வருகிறார்கள். வீட்டு வேலைக்கு அதிகப் பலன் கிடைப்பதும் இதில்தான். எனவே இங்கே சற்று நிதானிக்கலாம்.

1990-களின் தொடக்கத்திலிருந்து குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்துத் தூங்கவிடச் சொல்கிறார்கள். தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் அதனால் பாதிக்கும் கீழே குறைந்தன. கூடவே பின்தலை தட்டையாவது கூடியது. 2013-இல் கனடாவில் 7 முதல் 12 வாரக் குழந்தைகள் 440 பேரைப் பார்த்ததில் 46.6 விழுக்காட்டினரிடம் ஏதோ ஒரு அளவு தட்டை இருந்தது, பெரும்பாலும் லேசானது. அதற்காகத் தூங்கும் நிலையை மாற்றக் கூடாது. தூக்கம் எப்போதும் மல்லாந்துதான். மாற்ற வேண்டியதெல்லாம் விழித்திருக்கும் நேரத்தை.

முதலில், இது வெறும் அழுத்தத்தால் வந்த தட்டையா என்று பாருங்கள். தலைமுடியை நனைத்து, குழந்தையை மடியில் உட்காரவைத்து, நேர் மேலிருந்து படம் எடுங்கள். அழுத்தத்தால் வந்தது என்றால் தலை சாய்ந்த இணைகரம் போல இருக்கும்: தட்டையான பக்கத்துக் காது முன்னே தள்ளியிருக்கும், அதே பக்கத்து நெற்றி சற்றுப் புடைத்திருக்கும். காது முன்னே தள்ளாமல் பின்னும் கீழுமாக இழுபட்டிருந்தாலோ, எலும்பு இணைப்பில் வரப்பு மாதிரி தடித்திருந்தாலோ, பிறந்த அன்றே இருந்து நாளுக்கு நாள் மோசமானாலோ, மண்டையோட்டு எலும்புகளுக்கு இடையிலான இணைப்பு முன்கூட்டியே மூடிக்கொண்டதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். அதை எந்தக் கையாலும் திறக்க முடியாது. சிறு துளை வழி அறுவை சிகிச்சை முதல் சில மாதங்களில்தான் தோதுப்படும். அந்த மாதங்களை அமர்வுகளில் கழித்துவிடுவதுதான் இங்கே நேரும் பெரிய தவறு.

அடுத்து கழுத்து. தலை இடப்பக்கம் சாய்ந்து, முகவாய் வலப்பக்கம் திரும்பியிருந்தால் இடப்பக்கக் கழுத்துத் தசை இறுகியிருக்கிறது என்று பொருள். காதின் பின்னிருந்து காறை எலும்பு வரை ஓடும் தசை அது. சில குழந்தைகளுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் அதில் பட்டாணி போல ஒரு கட்டி தட்டுப்படும். ஸ்கேனில் உறுதிப்படுத்திக்கொண்டால் போதும், பெரும்பாலும் தானே கரையும். கழுத்து இறுக்கம் இருந்தால் இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து வருவதுண்டு. மூன்று மாதத்துக்குள் பயிற்சி தொடங்கினால் குணம் விரைவு. இதற்கு முதல் தேர்வு குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட். ஆஸ்டியோபத் கூடவே இருக்கலாம், அவருக்குப் பதிலாக அல்ல.

வீட்டில் செய்ய வேண்டியவை:

1. குப்புறப் போடுவது: பிறந்த சில நாளிலேயே, விழித்திருக்கும்போது, கண்ணெதிரே. நாளுக்கு இரண்டு மூன்று முறை, தலா 3 முதல் 5 நிமிடம். ஏழு வார வாக்கில் மொத்தம் 15 முதல் 30 நிமிடம். அதன்பின் குறைந்தது அரை மணி. தரையில் அழுதால் உங்கள் நெஞ்சின் மேல் போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் கணக்கில் சேரும். மார்புக்குக் கீழே சுருட்டிய துண்டு ஒன்று வைத்தால் தலை தூக்குவது எளிது.

2. படுக்கையில் திசை மாற்றுவது: குழந்தை வெளிச்சத்தையும் ஆள் நடமாட்டத்தையும் நோக்கித்தான் திரும்பும். ஒரு நாள் தலை வைத்த பக்கம் மறுநாள் கால் வையுங்கள். திரும்ப மறுக்கும் பக்கம் வெளிச்சமும் முகங்களும் இருக்கும்படி அமையுங்கள்.

3. பால் புகட்டும் கை மாற்றுவது: புட்டிப் பால் தருபவர்கள் பழக்கத்தால் ஒரே கையில் ஏந்துவார்கள். முறைக்கு ஒரு கை மாற வேண்டும்.

4. தூக்கும் விதம்: இடத்தசை இறுகியிருந்தால், குழந்தையை உங்களுக்கு முதுகு காட்டி இடப்பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, அதன் இடக் காதுக்கும் தோளுக்கும் நடுவே உங்கள் முன்கை வருமாறு ஏந்துவது ஒரு முறை. பயிற்சியாளர் முன்னால் ஒருமுறை செய்துகாட்டிய பின்பே வீட்டில் செய்யுங்கள். தலையை வலிந்து திருப்பாதீர்கள், தசை அறுபடலாம்.

5. சாய்வு இருக்கை, ஊஞ்சல் இருக்கை, கார் இருக்கை: பயணத்துக்கு வேண்டியதுதான். பயணம் முடிந்தும் அதிலேயே கிடக்க விடாதீர்கள்.

6. வாரம் ஒருமுறை அதே மேல்கோணத்தில் படம். தினம் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது.

தலை வடிவத்தைச் சீராக்கும் என்று விற்கும் தலையணைகளை வாங்காதீர்கள். மூச்சுத்திணறல் அபாயம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022-இல் எச்சரித்தது. தலைக்கவசம் பற்றியும் கேள்வி வரும். 2014-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், நடுத்தரம் முதல் கடுமை வரையிலான தட்டை உள்ள 84 குழந்தைகளில் பாதிப் பேர் ஆறு மாதம் கவசம் அணிந்தனர். இரண்டு வயதில் முழுக்கச் சீரானவர்கள் கவசக் குழுவில் 26 விழுக்காடு, சும்மா விட்ட குழுவில் 23. மிகக் கடுமையான தட்டையை அந்த ஆய்வு சேர்த்துக்கொள்ளவில்லை. அப்படிப்பட்ட குழந்தைக்கு நிபுணரின் சொல்லே சொல். மற்றவர்களுக்கு, உட்காரத் தொடங்கியதும் அழுத்தம் தானே குறையும். ஆறு முதல் எட்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் படங்களில் துளி மாற்றமும் இல்லையென்றால் மறுபடி மருத்துவர்.

ஓயாத அழுகை

நாளுக்கு 3 மணிக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல் என்பது 1954 முதல் புழங்கும் பழைய கணக்கு. அழுகை ஆறாவது வார வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானே அடங்கும். இதில்தான் சிக்கல். ஆறாவது வாரம் சிகிச்சை தொடங்கிப் பத்தாவது வாரம் அழுகை குறைந்தால், குறைத்தது கையா காலமா? கைச்சிகிச்சை பற்றிய ஆறு ஆய்வுகளை (325 குழந்தைகள்) மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் குழு 2012-இல் தொகுத்துப் பார்த்தது. பலவற்றில் அழுகை குறைந்ததாகப் பதிவு இருந்தது; ஆனால் பதிவு செய்த பெற்றோருக்கே எந்தக் குழந்தைக்குச் சிகிச்சை நடந்தது என்று தெரிந்திருந்ததால் உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை.

போக விரும்பினால் இரண்டு அமர்வோடு நிறுத்திக் கணக்குப் பாருங்கள். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அழுத நேரத்தைக் குறித்துவைத்தால்தான் ஒப்பிட முடியும். ஒரு மார்பை மறுக்கும் குழந்தைக்கு முதலில் தாய்ப்பால் ஆலோசகர். ஏந்தும் கோணத்தை மாற்றியதுமே பல குழந்தைகள் குடித்துவிடும். தாங்க முடியாத நேரத்தில் குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் அடுத்த அறைக்குப் போவது தவறே அல்ல. எந்த நிலையிலும் குலுக்கக் கூடாது.

பள்ளி வயது

இதில் சொல்ல அதிகமில்லை. காதுத் தொற்று, படுக்கையில் நனைப்பது, கவனக்குறைவு, ஆஸ்துமா ஆகியவற்றுக்காக அழைத்துப் போகிறார்கள். இவற்றுக்குக் கைச்சிகிச்சையை நம்பி மருத்துவத்தை விடும் அளவுக்கு ஆதாரம் இல்லை. நொண்டும் பிள்ளையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 4 முதல் 8 வயதில் தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு இரத்தம் குறையும் பெர்த்தஸ் நோய் வரலாம். வலி முழங்காலில் தெரியும், கோளாறு இடுப்பில் இருக்கும்.

பதின்பருவம்

இங்கே முதல் விதி: சம்மதம் பிள்ளையுடையது. அறையில் உடன் யார் இருக்க வேண்டும், எந்த ஆடையைக் களைவது என்பதை அவரிடம் கேட்க வேண்டும். அரைக்கால் சட்டையும் தளர்ந்த மேலாடையும் போட்டுக்கொண்டு போனால் பல சங்கடங்கள் தவிரும். கழுத்தில் நெட்டி முறிப்பதற்கு மறுப்புச் சொல்லலாம் என்பதை முன்பே சொல்லி அனுப்புங்கள்.

முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள எலும்பு முண்டில் வலி, குதித்தால் மண்டியிட்டால் கூடுகிறது, வயது 10 முதல் 15 என்றால் ஆஸ்குட்–ஷ்லாட்டர் ஆக இருக்கலாம். வேகமாக வளரும் எலும்பின் முனையைத் தொடைத் தசை இழுப்பதால் வருவது. விளையாட்டை முழுக்க நிறுத்த வேண்டியதில்லை. பத்துக்கு மூன்றைத் தாண்டாத வலி அளவுக்குக் குறைத்தால் போதும். தொடை முன்தசையை நீட்டும் பயிற்சி, ஆட்டத்துக்குப் பின் துணியில் சுற்றிய பனிக்கட்டி 10 முதல் 15 நிமிடம். வளர்ச்சி முடியும் வரை விட்டுவிட்டு வரும். கைச்சிகிச்சை தசை இறுக்கத்தைத் தளர்த்தலாம், எலும்பை அவசரப்படுத்தாது.

முழங்கால் வலியோடு பாதம் வெளிப்புறம் திரும்பி நொண்டினால் கதை வேறு. தொடை எலும்பின் தலை வளர்ச்சித் தட்டில் வழுகியிருக்கலாம். நடக்க விடாமல் அன்றே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இடுப்பைச் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

வேகப்பந்து வீச்சு, ஜிம்னாஸ்டிக்ஸ் போல முதுகைப் பின்னே வளைக்கும் விளையாட்டில் இருப்பவருக்கு, பின்னே வளைந்தால் கூடும் கீழ்முதுகு வலி மூன்று வாரம் நீடித்தால் முள்ளெலும்பில் அழுத்த விரிசல் இருக்கலாம். எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும், எம்.ஆர்.ஐ. காட்டும். மருந்து ஓய்வுதான், பெரும்பாலும் மூன்று மாத அளவுக்கு. இந்த முதுகைப் பிடித்து முறுக்குவது விரிசலைப் பெரிதாக்கும்.

முதுகெலும்பு வளைவை வீட்டிலேயே பார்க்கலாம். பாதங்களைச் சேர்த்து, உள்ளங்கைகளை ஒட்டி, கைகளைத் தொங்கவிட்டுக் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்க விலா மேடாகத் தெரிந்தால் எக்ஸ்ரே தேவை. 10 டிகிரி முதல் ஸ்கோலியோசிஸ் என்று பெயர். வளரும் பிள்ளைக்கு 25 முதல் 40 டிகிரிக்குள் இருந்தால் உடலைச் சுற்றி அணியும் இறுக்குக் கவசம். 2013-இல் வெளியான ஆய்வில் கவசம் அணிந்தவர்களில் 72 விழுக்காட்டினருக்கும், அணியாதவர்களில் 48 விழுக்காட்டினருக்கும் வளைவு அறுவை சிகிச்சை எல்லையைத் தொடவில்லை. நாளுக்குச் சுமார் 13 மணி நேரத்துக்கு மேல் அணிந்தவர்களில் அது 90 விழுக்காடு. வளைவை நிமிர்த்துவதாக யாராவது கைச்சிகிச்சை அமர்வுகளை விற்றால் வாங்காதீர்கள். அதற்காகக் காத்திருக்கும் மாதங்களில் பிள்ளை வளர்கிறது, வளைவும் கூடவே வளர்கிறது. கவசத்தால் வரும் தசை வலிக்கு, எலும்பு மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டு ஆஸ்டியோபத்திடம் போவது வேறு, அதில் தடையில்லை.

எப்போது நிறுத்துவது

முதல் நாளே ஒரு குறிக்கோளை எழுத்தில் கேளுங்கள்: 'கழுத்து வலப்பக்கம் முழுதாகத் திரும்ப வேண்டும்', 'வலி ஆறிலிருந்து மூன்றுக்கு வர வேண்டும்' என்பது போல. இரண்டு மூன்று அமர்வுக்குப் பின் அது துளியும் நகரவில்லை என்றால் அதே சிகிச்சையைத் தொடர்வதில் பொருளில்லை. குறிப்புகளின் நகலை வாங்கிக்கொண்டு குழந்தைநல மருத்துவரிடம் திரும்புங்கள். நகல் தர மறுப்பவரிடம் நான்காவது அமர்வுக்குப் போக வேண்டியதில்லை.